ஏழாம் நம்பர் மண்

"வெறும் மண்ணு எப்படிய்யா மணக்கும்?" என்றார் இயக்குநர்.

மண்ணு சார் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நேராகப் போயிருக்க வேண்டிய கோடு, நடுவில் ஒரு குன்று ஏறி இறங்கியிருந்தது. குன்றின் பக்கத்தில் வாசனையை அளக்கும் மெஷின் கூச்சமே இல்லாமல் 2.4 என்று அச்சடித்திருந்தது.

"மறுபடியும் பண்ணிப் பாக்கறேன் சார்."

"போன வாரமும் இதையேதான் சொன்னே."

அந்த ஆய்வுக்கூடத்தில் மண் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதால் அவருக்கு மண்ணு சார் என்று பெயர். பக்கத்து மேஜையில் தண்ணீர் பிரிவைப் பார்க்கிற அம்மாளுக்குத் தண்ணி மேடம். தண்ணி மேடம் ஆரம்பத்தில் கொஞ்சம் ஆட்சேபித்துப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். சோப்பிலும் ஷாம்புவிலும் சலவைத் தூளிலும் கஸ்தூரி மாதிரி மணப்பதற்கென்று ஒரு பொருளைக் கலக்கிறார்கள். நாம் குளித்த தண்ணீர் எங்கேயோ போய் ஒரு மண்ணில்தானே இறங்குகிறது? அந்த மண் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்கிறதா, இல்லை கிணற்றுக்குத் தள்ளிவிடுகிறதா என்று தலைமை அலுவலகத்துக்குத் தெரிய வேண்டும். ஏழு ஜாடி மண்ணை அனுப்பி அளந்து சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

ஆறு ஜாடி மண்ணை எடுத்து, வாசனை கலந்த தண்ணீரை ஊற்றி, ஒரு நாள் முழுக்கக் குலுக்கி, தெளிய வைத்து, தண்ணீரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குறைந்தது எவ்வளவோ அவ்வளவும் மண்ணோடு ஒட்டிக்கொண்டது. மணல் இருக்கிறதே, அது யாரோடும் ஒட்டாத ஜன்மம், வந்ததை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். இலைதழை மட்கிய தோட்டத்து மண் நேர் எதிர். மொத்தத்தையும் விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருக்கும்.

ஏழாம் நம்பர் ஜாடியில் 'சுத்தமான மண்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அதில் வெறும் தண்ணீரை ஊற்றி அளந்தால் பூஜ்யம் வர வேண்டும். அது பூஜ்யம் காட்டினால்தான் மற்ற ஆறு கணக்கும் செல்லும். அதுதான் ஒவ்வொரு தடவையும் மாறாமல் 2.4 காட்டிக்கொண்டிருந்தது.

இயக்குநர் போன பிறகு தண்ணி மேடம் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"நீங்கதான் மணக்கறீங்க."

மண்ணு சார் தன் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்தார்.

"இருபது வருஷமா பக்கத்து மேஜையில உக்காந்திருக்கேன். உங்க கிட்டேருந்து புழுதி வாசனையைத் தவிர வேற எதுவும் வந்ததில்ல. இந்த நாலு மாசமாத்தான் சோப்பு, பவுடர், துணிக்குப் போடற திரவம்னு ஒரு கடையே நடந்து வருது."

"வெறும் தண்ணியை மட்டும் அளந்தா பூஜ்யம்தானே வருது?"

"தண்ணியில ஒட்டாது. மண்ணுதான் பிடிச்சுக்கும். நீங்க கையால அள்ளி நிறுக்கறீங்க இல்ல, அப்பப் பிடிச்சுக்குது. அதைத்தானே சார் நீங்க ஆராய்ச்சியே பண்றீங்க?"

சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. மண்ணு சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நாலு மாதத்துக்கு முன்னால்தான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. வயது நாற்பத்தெட்டு. இந்த மனுஷனுக்குக் கல்யாணம் என்கிற பேச்சையே உறவுக்காரர்கள் மூட்டை கட்டிப் பரணில் போட்ட பிறகு, எங்கிருந்தோ ஒரு வரன் வந்தது. அவளுக்கு நாற்பத்து மூன்று. தையல் வேலை. வரும்போது ஒரு தையல் மெஷின், இரண்டு பெட்டி, ஒரு டஜன் சோப்பு கொண்டுவந்தாள். அவருடைய சட்டைகளுக்கு நடுவே பிரிக்காத சோப்பை ஒவ்வொன்றாகச் செருகி வைத்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'ஏங்க' என்று கூப்பிட்டு, 'நீங்க' என்று பேசிக்கொண்டார்கள். 'நீ' என்று சொல்லிப் பார்க்க இருவருக்கும் ஆசைதான், தைரியம் வரவில்லை.

"வீட்டுல சொல்லி ரெண்டு வாரத்துக்கு வாசனையில்லாத சோப்பா வாங்கச் சொல்லுங்க. இது ஒரு பெரிய விஷயமா?" என்றார் தண்ணி மேடம்.

பஸ்ஸில் போகும்போது அவர் சொல்லிப் பார்த்துக்கொண்டார். 'ஏங்க, உங்க வாசனை இருக்கு பாருங்க...' என்று தொடங்கினால் அந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் விபரீதமாக இருந்தது. 'உங்க சோப்பால என் வேலை கெடுது' என்பது இன்னும் மோசம். புதிதாக வந்தவள், இது என் வீடுதானா என்று இன்னும் அடி எடுத்து அடி வைக்கிறவள். இப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள், உள்ளே சுருங்கிப்போவாள். காலம்போன காலத்தில் கிடைத்த குடித்தனத்தை ஒரு சோப்புக் கட்டிக்காகக் கெடுத்துக்கொள்வதா? வேண்டவே வேண்டாம். சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று அவர் முடிவு கட்டினார்.

நல்ல மனுஷர்கள் ஒரு பொய்யோடு நிறுத்திக்கொள்வதாகத்தான் ஆரம்பிக்கிறார்கள்.

மறுநாள் சீக்கிரமே ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே குளியலறை கிடையாது. ஆனால் ஆசிட் தெறித்தால் ஓடிப்போய் நிற்பதற்கென்று ஒரு மூலையில் அவசரக் குழாய் உண்டு. சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டும். அதை யாரும் எந்தக் காலத்திலும் இழுத்ததில்லை. மண்ணு சார் துண்டைக் கட்டிக்கொண்டு இழுத்தார்.

தண்ணீர் கொட்டியது. கூடவே கட்டடம் முழுக்க அபாய மணியும் அடித்தது. சங்கிலிக்கும் மணிக்கும் சம்பந்தம் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு நிமிடத்தில் மூன்று மாடி ஆட்களும் முற்றத்தில் கூடிவிட்டார்கள். குழாயை நிறுத்தத் தெரியாமல் கடைசியாக ஓடிவந்தவர் மண்ணு சார்தான், அதே துண்டோடு.

"ஆசிட் எங்கய்யா பட்டுது?" என்று பதறினார் இயக்குநர்.

"எங்கயும் படலை சார். குளிச்சேன்."

"குளிச்சியா!"

அன்றைக்கும் ஏழாம் நம்பர் மண் 2.4 காட்டியது.

துண்டு வீட்டில் துவைத்த துண்டு அல்லவா என்று சமாதானம் செய்துகொண்டார். அதனால் அடுத்த நாள் விடிந்ததும் எழுந்து, தன் துணிகளைத் தானே வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தால் மனைவி வாசலில் நிற்கிறாள்.

"ஏங்க, நான் துவைக்கறது சரியில்லையா?"

"சேச்சே! டாக்டர் சொல்லியிருக்காருங்க. தோள்பட்டைக்குப் பயிற்சி."

"தோள்ல என்ன?"

"வலி."

வாயிலிருந்து விழுந்தது விழுந்ததுதான். அன்று மாலை அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் ஒரு புட்டித் தைலத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு தோளிலும் முதுகிலும் அரை மணி நேரம் தேய்த்தாள். தெருமுனை வரை மணக்கும் தைலம் அது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், இல்லாத வலி அவ்வளவு இதமாகக் குறையும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மறுநாள் தாளில் ஒரு குன்றுக்குப் பதிலாக ஒரு மலைத்தொடரே வந்தது. கற்பூரம், புதினா, இன்னும் பெயர் தெரியாத என்னென்னவோ.

"சார், இது மண்ணா, மருந்துக் கடையா?" என்றார் தண்ணி மேடம்.

மலைகளுக்கு நடுவே 2.4 அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. தலையணை உறையும் மணக்கிறதே என்று ஞாபகம் வந்து, அவர் பாயை எடுத்துக்கொண்டு கூடத்தில் படுக்க ஆரம்பித்தார். கேட்டதற்கு, தன் குறட்டை அவளுக்குத் தொந்தரவு என்றார். "உங்களுக்குக் குறட்டையே வராதுங்களே" என்று அவள் சொன்னாள். பிறகு சட்டைகளுக்கு நடுவே மிச்சமிருந்த ஐந்து சோப்பையும் எடுத்தார். தூக்கிப் போட மனமில்லை. வாசல் சுவரில் இருந்த மின்சார மீட்டர் பெட்டிக்குள் வைத்து மூடினார். அந்தப் பெட்டியை மாதத்துக்கு ஒரு முறை திறக்க ஒரு ஆள் வருவான் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

ஆள் வந்தான். திறந்தான். ஐந்து சோப்பும் அவன் காலடியில் விழுந்தன.

"ஏம்மா, மீட்டரைத் தினமும் குளிப்பாட்டறீங்களா?" என்று கேட்டான்.

அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டாள்.

அன்றைக்கு மாலை மண்ணு சார் வீட்டுக்குள் நுழைந்ததுமே ஏதோ குறைகிறது என்று தெரிந்தது. தையல் மெஷின் ஓடவில்லை என்று முதலில் நினைத்தார். அது இல்லை. வீட்டில் வாசனை இல்லை. பவுடர் இல்லை, துணியில் மணம் இல்லை, தலையணை உறையெல்லாம் வெறும் தண்ணீரில் அலசிக் கொடியில் தொங்கின. நாலு மாதத்துக்கு முன் அவர் ஒற்றை ஆளாகப் பூட்டித் திறந்துகொண்டிருந்த அதே வீடு. அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா வீட்டுக்குப் போய் ஒரு பத்து நாள் இருந்துட்டு வரேங்க."

"எதுக்குங்க?"

"சும்மாதான்." கொஞ்ச நேரம் ஒரு புடவையையே மடித்துக்கொண்டிருந்தாள். "என் கிட்ட வர்ற வாசனை உங்களுக்குப் பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மீட்டர் பெட்டியில எல்லாம் கொண்டுபோய் வைக்க வேண்டாம்."

மண்ணு சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏழு ஜாடியில் ஆரம்பித்தார். மணலைச் சொன்னார், தோட்டத்து மண்ணைச் சொன்னார், 2.4 சொன்னார். அவசரக் குழாய், துண்டு, முற்றம், எதையும் விடவில்லை. டாக்டரும் இல்லை, வலியும் இல்லை, குறட்டையும் இல்லை என்று எல்லாவற்றையும் கொட்டினார். முழுப் பூசணிக்காயை ஒரு தடவை சோற்றில் மறைக்கலாம், மூன்று வாரம் மறைத்தால் கை வலிக்கத்தான் செய்யும்.

"அப்ப என்னைப் பிடிக்காமப் போகலையா?"

"பிடிக்காமலா? உங்க சோப்பு வச்ச சட்டையைப் போட்டா, வீட்டுல எனக்காக ஒருத்தர் இருக்காங்கன்னு நாள் பூரா தோணும்ங்க. நாப்பத்தெட்டு வருஷத்துல அப்படித் தோணினதே இல்ல. அதை எப்படிங்க நிறுத்தச் சொல்றது?"

அவள் புடவையைக் கீழே வைத்தாள்.

"நீ சரியான மக்கு!" என்றாள்.

சொன்ன பிறகுதான் 'நீ' வந்துவிட்டது தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் அவர்.

"மக்கு!"

"அது இல்ல. அதுக்கு முன்னாடி இருந்ததை."

அவள் சிரித்தாள். அப்புறம் அழுதாள். அப்புறம் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள்.

அதோடு விட்டாளா? மறுநாள் முதல் முழுப் பொறுப்பையும் அவளே ஏற்றுக்கொண்டாள். புருஷன் வேலை தன்னால் கெடுவதாவது! பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்து வீட்டில் உள்ள துணியெல்லாம் புரட்டி எடுத்தாள். திரைச்சீலையைக் கழற்றினாள். வெந்நீரை மட்டும் ஊற்றி அவரை மூன்று வேளை குளிக்க வைத்தாள், தானும் குளித்தாள். துணி தைக்கக் கொடுக்க வந்த பெண்களை "பவுடர் போட்டிருந்தா வாசல்லயே நில்லுங்க" என்று நிறுத்தி வைத்தாள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு தையல்காரியிடம் போனார்கள். போகட்டும் என்றாள்.

நான்கு நாள் கழித்து அளந்தார். 2.4.

"இது எத்தனாவது தடவை சார்?" என்று கேட்டார் தண்ணி மேடம்.

"பத்தொன்பது."

"பத்தொன்பது தடவையும் அதேவா? தைலம் தேய்ச்ச அன்னிக்கும்?"

"அன்னிக்கும்."

தண்ணி மேடம் ஏதோ யோசித்தார். அதற்குள் இயக்குநர் வந்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில தலைமை அலுவலகத்து அம்மா நேர்ல வர்றாங்க. ஏழாம் நம்பருக்குப் பூஜ்யம்னு எழுதி வை."

"ஆனா இருக்கே சார்."

"ஒரு முட்டை போட எவ்வளவு நேரமாகும்? வட்டமா ஒண்ணு. யாரு வந்து பாக்கப்போறா?"

"இருக்கறதை இல்லைன்னு எப்படி சார் எழுதறது?"

"இருக்குன்னு எழுதினா, சுத்தமா வேலை பாக்கத் தெரியாதவன்னு உன்னைச் சொல்லுவாங்க. மண்ணு வேலையை வேற ஊருக்குக் கொடுத்துடுவாங்க. நீ அப்புறம் தண்ணி மேடத்துக்குக் குடம் தூக்கணும்."

மண்ணு சார் அன்று மாலை அறிக்கையை எழுதி முடித்தார். ஏழாம் நம்பருக்கு நேரே 2.4 என்று போட்டார். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. வீடு, சோப்பு, மனைவி என்று ஒரு எழுத்துகூட அதில் வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்து, 'ஆய்வாளரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னார். அவள் "சரி" என்றாள். அவள் அவ்வளவு சுலபமாகச் சரி என்கிறவள் இல்லை என்பதை நாலு மாதத்தில் அவர் இன்னும் தெரிந்துகொள்ளவில்லை.

காலையில் தலைமை அலுவலகத்து அம்மாள் வந்தார். நரைத்த தலை, ஒரு துணிப் பை, சத்தமில்லாத நடை. இயக்குநர் அறையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டே அறிக்கையைப் புரட்டினார். ஏழாம் நம்பர் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எத்தனை தடவை அளந்தீங்க?"

"பத்தொன்பது தடவை மேடம்."

"மொத்தம் பன்னெண்டு ஆய்வுக்கூடத்துக்கு இதே மண்ணை அனுப்பியிருந்தோம்" என்றார் அந்த அம்மாள். "மத்த பதினோரு இடத்துலேருந்தும் ஏழாம் நம்பருக்குப் பூஜ்யம்னுதான் வந்திருக்கு."

இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பதினோரு பேர்! கேட்டியாய்யா?"

"என் கவனக்குறைவுதான் மேடம். கட்டத்துல எழுதியிருக்கேன்" என்றார் மண்ணு சார்.

அப்போதுதான் கதவு திறந்தது. கையில் ஒரு பையோடு அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். பின்னால் தண்ணி மேடம், 'நான் எவ்வளவோ தடுத்துப் பாத்தேன்' என்கிற முகத்தோடு.

"அவர் கவனக்குறைவு இல்லைங்க. நான்தான் காரணம்" என்று சொல்லி, பையைத் திறந்து ஐந்து சோப்பையும் ஒரு பவுடர் டப்பாவையும் இயக்குநர் மேஜையில் வரிசையாக வைத்தாள். "எல்லாம் இதுங்க வேலை. இனிமே வீட்டுல இது எதுவும் இருக்காது. அவரை எதுவும் சொல்லாதீங்க."

"ஏய், நீ எதுக்கு வந்தே?" என்றார் மண்ணு சார். "மேடம், அவ சொல்றதை நம்பாதீங்க. அவ மேல ஒரு தப்பும் இல்ல. கைகழுவாம மண்ணை அள்ளினது நான்."

"பொய் சொல்றார். ஒரு நாளைக்கு முப்பது தடவை கைகழுவறவர். கழுவினது என் சோப்புல."

"சோப்பு என் அலமாரியில இருந்துது. அப்ப அது என் சோப்பு."

"நான் வாங்கினது!"

"நான் போட்டுக்கிட்டது!"

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்தறீங்களா?" என்று இயக்குநர் கத்தினார். "மேடம், வேலையில இருபத்திரண்டு வருஷம். நல்ல ஆள். கல்யாணம் ஆன பிறகுதான் இப்படி ஆயிட்டார். இந்தத் தடவை மன்னிச்சு விட்டுடுங்க."

அந்த அம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்தார். மேஜையிலிருந்த சோப்புகளையும் பவுடரையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டு, பையை அவள் கையில் கொடுத்தார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் இதைத் தாராளமாத் தேய்ச்சுக் குளிம்மா. இருக்கறதை இருக்குன்னு எழுதற ஆள் எங்கயாவது ஒருத்தராவது இருக்காரான்னு பாக்கறதுக்காக, அந்த ஏழாம் நம்பர் மண்ணுல ரெண்டு புள்ளி நாலு வர்ற மாதிரி வாசனையைக் கலந்து, 'சுத்தமான மண்'ணுன்னு சீட்டு ஒட்டி அனுப்பினதே நான்தான்."